தாயும் சேயும் பகிரும் சொக்கெட்: லினக்ஸ் சேர்வர் எழுதத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

திருகோணமலையிலிருந்து கிண்ணியா, மூதூர், வெருகல் வழியாக மட்டக்களப்புக்குச் செல்லும் ஏ15 வீதியில் ஓடும் பஸ்களின் இருப்பிடத்தைப் பெற்றுச் சேமிக்கும் சிறிய சேர்வர் ஒன்றை எழுதப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பஸ்ஸிலுள்ள கருவி ஒவ்வொன்றும் உங்கள் சேர்வருடன் ஒரு டிசிபி இணைப்பை ஏற்படுத்தி, அதை மணிக்கணக்கில் திறந்தே வைத்திருக்கும். அந்த இணைப்பின் முனையாக நிரல் கையாளும் பொருளே சொக்கெட். இணைப்பு ஒன்றுக்கு ஒரு சேய்ச் செயல்முறையை ஃபோர்க் செய்து, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் தாய்ச் செயல்முறையைப் பிரதி எடுத்து உருவாக்கி, இணைப்பை அதனிடம் ஒப்படைப்பது இதற்கு மிக எளிய அமைப்பு. ஒரு கருவி தாறுமாறான தரவை அனுப்பி ஒரு சேயை வீழ்த்தினாலும் மற்றைய பஸ்கள் பாதிக்கப்படுவதில்லை.

இந்த அமைப்பு முதல் நாள் அழகாக ஓடும். சில நாட்களில் புதிய இணைப்புகள் ஏற்கப்படாமல் போகும். அல்லது சேர்வரை மறுபடி தொடங்கினால் போர்ட் (சேர்வர் இணைப்புகளை எதிர்பார்க்கும் வாயிலின் எண்) ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று மறுக்கும். இவ்வகைச் சேர்வர் ஒன்றை நிலையாக ஓட வைக்க நான் பல இரவுகளைச் செலவிட்டிருக்கிறேன். கோணேசபுரி வளாகத்தில் படிக்கும் மாணவர்களும் வீட்டிலிருந்தே நிரல் எழுதும் இளைஞர்களும் அதே இரவுகளைச் செலவிட வேண்டியதில்லை என்பதற்காகவே இதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

லினக்ஸ் நிறுவிய மடிக்கணினி ஒன்று போதும்; 4 ஜிபி நினைவகம் உள்ள பழைய இயந்திரமே இதற்குத் தாராளம். சீ நிரலைத் தொகுக்கும் ஜிசிசி அல்லது பைத்தன், நிரலின் கணினி அழைப்புகளைக் காட்டும் எஸ்ட்ரேஸ், திறந்த கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப், கையால் இணைத்துப் பார்க்க உதவும் நெட்கேட் ஆகியவற்றை நிறுவிக்கொள்ளுங்கள். அனைத்தும் இலவசம்.

ஆவணங்களைப் பொறுத்தவரை, டெபியனிலும் உபுண்டுவிலும் மேன்பேஜஸ்-டெவ் என்ற பொதியை நிறுவினால் கையேட்டுப் பக்கங்கள் உங்கள் கணினிக்கே வந்துவிடும். இரண்டாம் பிரிவில் ஃபோர்க், அக்செப்ட், குளோஸ், ஷட்டவுன், வெயிட்பிட் ஆகிய பக்கங்களையும், ஏழாம் பிரிவில் சொக்கெட், டிசிபி, யுனிக்ஸ், சிக்னல் ஆகிய பக்கங்களையும் ஒருமுறையாவது முழுமையாக வாசியுங்கள். இணையத்தில் சிதறிக் கிடக்கும் துணுக்குகளை ஒட்டவைத்து எழுதுவதைவிட இந்தப் பக்கங்களை வாசிப்பதே விரைவான வழி என்பது என் உறுதியான எண்ணம். டேட்டா தீர்ந்துபோன மாதக் கடைசியிலும் இவற்றை வாசிக்கலாம்.

வாடகைச் சேர்வருக்கு இப்போதே பணம் கட்ட வேண்டாம். அதன் கட்டணம் பெரும்பாலும் டொலரில் வருவதால் ரூபாயின் பெறுமதிக்கேற்பக் கூடிக் குறையும். கீழே சொல்லப்போகும் பிழைகள் எல்லாவற்றையும் மடிக்கணினியிலேயே உண்டாக்கிப் பார்த்துத் திருத்திவிடலாம். ஒரு வார இறுதியை இதற்கென்று ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

2. ஃபோர்க் எதைப் பிரதி எடுக்கிறது என்பதை முதலில் தெளிவாக்குங்கள்

ஃபோர்க் அழைக்கப்பட்டதும், தாயின் டிஸ்கிரிப்டர் அட்டவணை (திறந்த கோப்புகளுக்கும் சொக்கெட்டுகளுக்கும் உரிய எண்களின் பட்டியல்) சேய்க்குப் பிரதி எடுக்கப்படுகிறது. எண்கள்தான் பிரதியாகின்றன, அந்த எண்கள் சுட்டும் சொக்கெட், இயங்குதளத்தின் மையமான கேர்னலில் ஒன்றே ஒன்றுதான். அதை எத்தனை டிஸ்கிரிப்டர்கள் சுட்டுகின்றன என்று கேர்னல் ஒரு கணக்கு வைத்திருக்கும். ஒரு செயல்முறை குளோஸ் அழைத்தால் அந்தக் கணக்கில் ஒன்று குறையும். குளோஸைப் பொறுத்தவரை, கணக்கு பூச்சியத்துக்கு வந்தால் மாத்திரமே, இணைப்பு முடிந்தது என்று அறிவிக்கும் ஃபின் பொதி மறுமுனைக்குச் செல்லும். இரண்டு கயிறுகளால் கட்டிய படகில் ஒரு கயிற்றை அவிழ்த்தாலும் படகு கரையிலேயே நிற்கும் அல்லவா, அதுபோலத்தான்.

இனி வரும் படிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு விடயத்திலிருந்து பிறப்பவை. எனவே நிரல் எழுதத் தொடங்கும் முன் ஒரு தாளில் ஒவ்வொரு சொக்கெட்டின் பெயரையும் எழுதி, அதன் எதிரே அது தாய்க்குரியதா, சேய்க்குரியதா என்று குறித்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் உரியது என்று எழுத நேர்ந்தால், அதற்கான காரணத்தையும் எழுதுங்கள். காரணம் எழுத வராவிட்டால் அது யாரோ ஒருவருக்குத்தான் உரியது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. காத்திராமல் உடனே திரும்பும் நொன்பிளாக்கிங் கொடி பகிரப்படும் பொருளோடு சேர்ந்தது. சேய் அதை மாற்றினால் தாய்க்கும் மாறிவிடும். எக்ஸெக்கின்போது (செயல்முறை வேறொரு நிரலை ஏற்றி ஓடும்போது) மூடச் சொல்லும் கொடி அப்படியன்று. அது ஒவ்வொரு டிஸ்கிரிப்டருக்கும் தனித்தனியானது.

3. ஃபோர்க் முடிந்த கணத்தில் இரு பக்கமும் மூட வேண்டியவற்றை மூடுங்கள்

தாய், சொக்கெட்டைப் போர்ட்டோடு பிணைக்கும் பைண்ட், இணைப்புகளை எதிர்பார்க்க வைக்கும் லிசன் இரண்டையும் முடித்து, வரும் இணைப்பை ஏற்கும் அக்செப்டில் காத்திருக்கிறது. இணைப்பு வந்ததும் ஃபோர்க் செய்கிறது. ஃபோர்க் பூச்சியத்தைத் திருப்பினால் நீங்கள் சேயில் இருக்கிறீர்கள்: முதல் வேலையாக லிசன் சொக்கெட்டை மூடுங்கள். நேர் எண்ணைத் திருப்பினால் தாயில் இருக்கிறீர்கள்: இப்போது ஏற்ற இணைப்பின் சொக்கெட்டை மூடுங்கள். கழித்தல் ஒன்றைத் திருப்பினால் ஃபோர்க் தோற்றுவிட்டது. அப்போதும் தாய் அந்த இணைப்பை மூடியே ஆக வேண்டும். இந்த மூன்றாவது கிளையைப் பலர் எழுதுவதே இல்லை. நினைவகம் நெருக்கடியான நாளில் அங்கிருந்துதான் கசிவு தொடங்கும்.

தாய் மூட மறந்தால் இரண்டு விளைவுகள் உண்டு. முதலாவது, சேய் தன் வேலையை முடித்து வெளியேறிய பின்னும் இணைப்பு உயிரோடு இருக்கும். மறுமுனையிலுள்ள கருவி முடிவுக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். இரண்டாவது, தாயின் டிஸ்கிரிப்டர்கள் ஒவ்வோர் இணைப்புக்கும் ஒன்றாகப் பெருகும். வழமையான வரம்பு 1024. அதை எட்டியதும் அக்செப்ட், திறந்த கோப்புகள் அளவுக்கு மிஞ்சிவிட்டன என்ற பிழையைத் திருப்பும். அந்த இணைப்பு வரிசையிலேயே கிடப்பதால், பிழையைக் கவனிக்காமல் மறுபடி அக்செப்டுக்குச் செல்லும் நிரல் ஓய்வின்றிச் சுழன்று, சிபியு முழுவதையும் விழுங்கிவிடும். சேர்வர் இறந்துவிடாமல் சூடாகிக்கொண்டே யாருக்கும் பதில் சொல்லாமல் இருப்பதைக் கண்டால், முதலில் இதையே சந்தேகியுங்கள்.

சேய் மூட மறந்தால் விளைவு தாமதமாக வரும். தாய் விழுந்த பின்னும், லிசன் சொக்கெட்டை வைத்திருக்கும் சேய் ஒன்று உயிரோடு இருந்தால் போதும், போர்ட் விடுபடாது. அதைவிட மோசமாக, அந்தப் போர்ட்டுக்கு வரும் புதிய இணைப்புகளை, வரிசை நிரம்பும் வரை, கேர்னல் ஏற்று வைத்துக்கொண்டே இருக்கும். அக்செப்ட் செய்ய எவரும் இல்லை. பஸ்ஸிலுள்ள கருவியோ இணைந்துவிட்டதாகவே நினைத்துத் தரவை அனுப்பும்.

4. மூடினீர்களா என்பதைக் கண்ணால் பாருங்கள்

நிரலை வாசித்து நம்புவதைவிடக் கேர்னலிடமே கேட்பது நல்லது. சேர்வரை ஓடவிட்டு, வேறு மூன்று முனையங்களில் நெட்கேட்டால் இணையுங்கள். பின்பு ப்ரொக் அடைவுக்குள் தாயின் செயல்முறை எண்ணைக் கொண்ட அடைவைத் திறந்து, அதனுள் எஃப்டி என்ற அடைவை விரிவாகப் பட்டியலிடுங்கள்.

சரியாக எழுதப்பட்ட தாயில் நான்கு வரிகள்தான் தெரியும்: 0, 1, 2 ஆகியவை முனையத்தைச் சுட்டும், 3 என்பது லிசன் சொக்கெட். அதன் எதிரே சொக்கெட் என்ற சொல்லும், சதுர அடைப்புக்குள் அந்தச் சொக்கெட்டை அடையாளங்காட்டும் ஐனோட் எண்ணும் இருக்கும். சேயின் பட்டியலில் 3 இருக்கக் கூடாது. 0, 1, 2 தவிர 4 மாத்திரம் இருக்க வேண்டும். தாயின் பட்டியலில் 4, 5, 6 என்று வரிகள் நீண்டு, அங்குள்ள ஐனோட் எண்கள் சேய்களின் பட்டியல்களிலும் அப்படியே தென்பட்டால், ஒரே சொக்கெட்டை இருவரும் பிடித்திருக்கிறார்கள் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இணைப்புகளின் நிலையைக் காட்டும் எஸ்எஸ் கட்டளையும் உதவும். நெட்கேட்டை நீங்கள் நிறுத்திய பின்னும் சேர்வர் பக்கத்தில் அந்த இணைப்பு குளோஸ்-வெயிட் நிலையில் தங்கினால், சேர்வரில் யாரோ ஒருவர் இன்னும் அதை மூடவில்லை என்று பொருள். சேயே முதலில் மூடி வெளியேறியும் இணைப்பு எஸ்டாப் (இணைந்திருக்கும்) நிலையிலேயே நின்றால், அதைத் தாய் பிடித்திருக்கிறது.

5. முடிந்த சேய்களை வெயிட்பிட் கொண்டு அப்புறப்படுத்துங்கள்

வெளியேறிய சேயின் முடிவுநிலையைத் தாய் வாங்கிக்கொள்ளும் வரை அது ஸொம்பியாகச் செயல்முறை அட்டவணையில் ஓர் இடத்தைப் பிடித்திருக்கும். ஸொம்பியிடம் சொக்கெட் எதுவும் மிஞ்சியிருக்காது. ஆனால் இடங்கள் நிரம்பினால் அடுத்த ஃபோர்க் தோற்கும். சேய் முடிந்ததும் தாய்க்கு வரும் சிக்சைல்ட் சிக்னலுக்கு ஒரு கையாளியை எழுதி, அதற்குள் முடிவுநிலையை வாங்கும் வெயிட்பிட்டைக் காத்திராத முறையில், எடுப்பதற்கு எதுவும் இல்லை என்று சொல்லும் வரை சுற்றாக அழையுங்கள். ஒரே ஒரு தடவை மட்டும் அழைப்பது போதாது: மூன்று சேய்கள் ஒரே நேரத்தில் முடிந்தாலும் ஒரு சிக்னல்தான் வந்து சேரக்கூடும். சேய்களின் முடிவுநிலை உங்களுக்குத் தேவையே இல்லையென்றால், சிக்சைல்டைப் புறக்கணிக்கும்படி அமைத்துவிட்டால் கேர்னலே அவற்றை அப்புறப்படுத்தும்.

சிக்னல் வந்த நேரத்தில் அக்செப்ட் இடைநிறுத்தப்பட்டுப் பிழையுடன் திரும்பலாம். அது உண்மையான பிழை அன்று. மறுபடி அழையுங்கள், அல்லது கையாளியைப் பதிவு செய்யும்போதே மறுதொடக்கக் கொடியைச் சேர்த்துவிடுங்கள்.

6. ஃபோர்க்குக்கு முன் திறக்கக் கூடாதவை

தரவுத்தள இணைப்பு இதில் முதன்மையானது. தாய் திறந்த மைஎஸ்கியூஎல் அல்லது போஸ்ட்கிரெஸ் இணைப்பைச் சேய்கள் பகிர்ந்தால், இருவரின் வினவல்களும் ஒரே குழாயில் கலந்து, ஒருவருக்குரிய விடையை மற்றவர் வாசிப்பார். சேய் வெளியேறும்போது அதன் நூலகம் நற்பண்போடு விடைபெறும் செய்தியை அனுப்பினால், தாயின் இணைப்பையும் தரவுத்தளம் முடித்துவிடும். டிஎல்எஸ் இணைப்பும் அவ்வாறே. அதன் மறையாக்க நிலை இரு நினைவகங்களில் இரு வேறு வழிகளில் நகர்ந்து, மறுமுனை குழம்பிப்போகும். இவற்றைச் சேய் தானே, ஃபோர்க்குக்குப் பிறகு திறக்கட்டும்.

சீ மொழியில் எழுதுவோர் ஃபோர்க்குக்கு முன் வெளியீட்டுத் தாங்கலை வெறுமையாக்குங்கள். தவறினால் ஒரே பதிவு வரி லொக் கோப்பில் இரண்டு முறை வரும். சேய் வெளியேற, கீழ்க்கோடு முன்னிட்ட எக்ஸிட்டைப் பயன்படுத்துங்கள்.

வேறு நிரலை எக்ஸெக் செய்யும் சேய்க்குத் தனி எச்சரிக்கை தேவை. எக்ஸெக்குக்குப் பின்னும் டிஸ்கிரிப்டர்கள் திறந்தே இருக்கும். சொக்கெட்டை உருவாக்கும்போதே குளோஸ்-ஒன்-எக்ஸெக் கொடியைச் சேருங்கள். ஏற்கும் இணைப்புகளுக்கு அக்செப்ட்4 இதே வசதியைத் தருகிறது. பின்னர் தனியாக, கொடிகளை மாற்றும் எஃப்சிஎன்டிஎல் அழைப்பு மூலம் சேர்த்தால், பல இழைகள் (ஒரே செயல்முறைக்குள் இணையாக ஓடும் பகுதிகள்) உள்ள நிரலில் இடையில் இன்னோர் இழை ஃபோர்க் செய்துவிட வாய்ப்புண்டு.

7. இணைப்பை முடிப்பதும், அறுந்ததைக் கண்டுபிடிப்பதும்

மறுமுனைக்கு முடிவை உடனே தெரிவிக்க வேண்டுமானால் ஷட்டவுன் அழையுங்கள். அது டிஸ்கிரிப்டர் கணக்கைப் பார்ப்பதில்லை. சொக்கெட்டின் மீதே நேரடியாகச் செயற்படும். எத்தனை செயல்முறைகள் பிடித்திருந்தாலும் எல்லோருக்கும் அந்தத் திசை அடைபடும். இதன் வலிமையே இதன் ஆபத்தும்: தாய் தன் பிரதியை விடுவதற்காக ஷட்டவுன் அழைத்தால், சேய் பேசிக்கொண்டிருக்கும் இணைப்பு அறுந்துவிடும். தாயில் எப்போதும் குளோஸ் மாத்திரம். ஷட்டவுன் சேயின் உரிமை.

ஓடும் பஸ் கவரேஜ் இல்லாத இடத்துக்குள் போனால் ஃபின் எதுவும் வராது. சேய், தரவை வாசிக்கும் ரீட் அழைப்பில் காத்தபடியே இருக்கும். மறுமுனை இன்னும் இருக்கிறதா என்று சோதிக்கும் லினக்ஸின் கீப்-அலைவ் வசதியை இயக்கினாலும், அதன் இயல்பான அமைப்பு முதல் சோதனைக்கு 7200 விநாடிகள் காத்து, பின்பு 75 விநாடி இடைவெளியில் 9 சோதனைகள் செய்து, ஏறத்தாழ 2 மணி 11 நிமிடங்களின் பின்பே கைவிடும். ஓடும் வாகனங்களுக்கு இது பொருந்தாது. கருவி 30 விநாடிக்கு ஒருமுறை தரவு அனுப்புகிறதென்றால், 120 விநாடி வரை எதுவும் வராதபோது சேய் தானே மூடி வெளியேறும்படி பெறுநேர வரம்பை வையுங்கள். எளியதும் நம்பகமானதும் இதுதான். இதைச் சோதிக்கக் கைப்பேசியை ஹொட்ஸ்பொட் ஆக்கி இன்னொரு கணினியை இணைத்து, நடுவில் அந்தக் கைப்பேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள்.

மூடப்பட்ட இணைப்பில் எழுதினால் சிக்பைப் சிக்னல் வந்து சேய் சத்தமின்றி இறக்கும். அதைப் புறக்கணிக்க அமைத்து, எழுதும் அழைப்பின் பிழைக் குறியைப் பாருங்கள்.

8. போர்ட் பயன்பாட்டில் உள்ளது என்று மறுக்கும்போது

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் நேரம் வீணாகிறது. முதலில் மூடிய பக்கத்தில் இணைப்பு டைம்-வெயிட் நிலையில் லினக்ஸில் 60 விநாடி தங்கும். அந்த இடைவெளியில் பைண்ட் மறுக்கப்படாதிருக்க, பைண்டுக்கு முன்பே ரீயூஸ்-அட்ரெஸ் விருப்பத்தை அமையுங்கள். இந்த விருப்பத்தை அமைத்தும் மறுக்கிறதென்றால், 3ஆம் படியில் சொன்ன சேய் ஒன்று லிசன் சொக்கெட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். எஸ்எஸ் கட்டளைக்கு எல், டி, என், பி ஆகிய எழுத்துகளைக் கொடுத்து ரூட் உரிமையோடு ஓட்டினால், பிடித்திருப்பவரின் எண் தெரியும்.

ரீயூஸ்-போர்ட் என்ற வேறொரு விருப்பம் 2013இல் லினக்ஸ் 3.9உடன் வந்தது. அது பல செயல்முறைகள் ஒரே போர்ட்டில் தனித்தனி லிசன் சொக்கெட் வைத்திருக்க உதவுவது. மறுப்பை மறைப்பதற்காக அதைச் சேர்த்தால், மறந்துபோன பழைய சேர்வரும் புதிய சேர்வரும் இணைப்புகளைப் பங்கிட்டுக்கொள்ளும் நிலை வரலாம். அப்போது பாதிப் பஸ்கள் மட்டும் வரைபடத்தில் தெரியும், ஏனென்று விளங்காது.

9. பைத்தனில் எழுதுவோர் கவனிக்க வேண்டியவை

பைத்தன் 3.4 முதல், புதிய டிஸ்கிரிப்டர்கள் இயல்பாக மரபுரிமையற்றவை. இதை வாசித்துவிட்டு ஃபோர்க்குக்கும் பொருந்தும் என்று எண்ணிவிடாதீர்கள். எக்ஸெக்குக்கு மட்டுமே பொருந்தும். ஃபோர்க் எல்லாவற்றையும் பிரதி எடுக்கவே செய்யும்.

சொக்கெட்சேர்வர் தொகுதியிலுள்ள ஃபோர்க்கிங் மிக்ஸின் வகுப்பு, தாய் மூட வேண்டியதை உங்களுக்காக மூடுகிறது. ஆனால் சேயில் லிசன் சொக்கெட்டை மூடுவதில்லை. அதை உங்கள் கையாளியின் தொடக்கத்தில் நீங்களே மூட வேண்டும். மேலும் அதன் சேய்களின் உச்ச எண்ணிக்கை இயல்பாக 40. இணைப்புகள் நொடிகளில் முடியும் சேர்வருக்கு இது போதும். நம் பஸ்களோ நாள் முழுதும் இணைந்திருப்பவை. 41ஆவது பஸ் எவரேனும் விடைபெறும் வரை காத்திருக்க நேரும். அந்த எண்ணை உங்கள் தேவைக்கேற்ப உயர்த்துங்கள்.

இழைகளும் ஃபோர்க்கும் சேரும் இடத்தில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். ஃபோர்க் அழைத்த இழை மட்டுமே சேயில் உயிரோடு இருக்கும். மற்ற இழைகள் பிடித்திருந்த பூட்டுகள் பூட்டியபடியே கிடக்கும். பைத்தன் 3.12 முதல் இதற்கு எச்சரிக்கை காட்டுகிறது. அதை அடக்கிவிடாதீர்கள்.

10. ஏற்கெனவே ஓடும் சேய்க்கு இணைப்பை அனுப்புதல்

சேய்களை முன்கூட்டியே உருவாக்கி வைத்திருக்கிறீர்களென்றால், பின்னர் வரும் இணைப்பை டிஸ்கிரிப்டர் எண்ணாக அனுப்புவதில் பயனில்லை. சேயின் அட்டவணையில் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. ஃபோர்க்குக்கு முன் சொக்கெட்பெயார் மூலம் யுனிக்ஸ் சொக்கெட் இணை ஒன்றை உருவாக்கி, அதன் வழியே சென்ட்மெசேஜ் அழைப்பில் உரிமை மாற்றும் துணைச் செய்தியாக அனுப்புங்கள். பைத்தன் 3.9 முதல் இதற்குச் சென்ட்-எஃப்டிஎஸ், ரிசீவ்-எஃப்டிஎஸ் என்ற சார்புகள் உள்ளன. கூடவே குறைந்தது ஒரு பைட் தரவாவது செல்ல வேண்டும். அனுப்பிய பின் தாய் தன் பிரதியை மூட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன்; ஆயினும் அதிகம் கசிவது இந்த இடத்தில்தான்.

பல சொக்கெட்டுகளை ஒன்றாகக் கவனிக்கும் ஈபோல் வசதியைத் தாய் பயன்படுத்தினால், அனுப்புமுன் அந்தச் சொக்கெட்டை ஈபோல் பட்டியலிலிருந்து வெளிப்படையாக நீக்குங்கள். சேய் பிரதி வைத்திருக்கும் வரை, தாய் மூடினாலும் அது பட்டியலில் தங்கி, தாயிடம் இல்லாத எண்ணுக்கு நிகழ்வுகளை அறிவித்துக்கொண்டிருக்கும்.

11. வாடகைச் சேர்வரில் ஏற்றும்போது

இப்போது பணம் கட்டலாம். லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டீயின் சேவைக் கோப்பில் திறந்த கோப்புகளின் வரம்பை உங்கள் தேவைக்கேற்ப எழுதுங்கள். முனையத்தில் யூலிமிட் கட்டளையால் கொடுத்த வரம்பு அங்கே செல்லாது. போர்ட் 1024க்குக் கீழ் என்றால் பைண்டுக்கு ரூட் உரிமை அல்லது அதற்கான தனி அனுமதி தேவைப்படும். பெரிய போர்ட் ஒன்றைத் தெரிந்தெடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

நிறுத்தும் கட்டளை வந்ததும் சிஸ்டம்டீ, சேய்கள் உட்பட அந்தச் சேவையின் எல்லாச் செயல்முறைகளுக்கும், முடித்துக்கொள்ளச் சொல்லும் சிக்டேர்ம் சிக்னலை அனுப்பும். இயல்பாக 90 விநாடி காத்து, மீதமுள்ளவற்றைப் பலவந்தமாக முடிக்கும். அந்த அவகாசத்துக்குள் தாய் லிசன் சொக்கெட்டை மூடிவிட்டுச் சேய்களுக்காகக் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு சேயும் கையிலுள்ள தரவை எழுதி, ஷட்டவுன் அழைத்து வெளியேற வேண்டும். மடிக்கணினியில் கையால் ஓட்டும்போது பலவந்தமாக முடிக்கும் கில் -9ஆல் தாய் இறந்தால் சேய்கள் தொடர்ந்து ஓடும் என்பதையும் நினைவில் வையுங்கள். தாயின் இறப்பில் தமக்கு ஒரு சிக்னல் வரும்படி பிஆர்சிடிஎல் அழைப்பால் அமைக்கலாம். இந்த அழைப்பு லினக்ஸுக்கு உரியது. அமைத்தவுடன் தாயின் எண் இன்னும் பழையதுதானா என்று சேய் ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும், ஏனெனில் அமைக்கும் முன்பே தாய் இறந்திருந்தால் அந்தச் சிக்னல் ஒருபோதும் வராது.